வாசலும் காவலும்

நம் ஊர்ப் பழைய வீடுகளைக் கட்டிய கொத்தனார்கள் காவலைப் பற்றி நூல் எதுவும் படித்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் எழுப்பிய வீட்டில் ஓர் ஒழுங்கு இருந்தது. தெருவோடு போகிறவர் எவரும் திண்ணையில் உட்காரலாம். ஏன் என்று கேட்பாரில்லை. திண்ணையைக் கடந்தால் நடை. அங்கே நிற்பவரைப் பார்த்து, "யார்? எந்த ஊர்? யாரைப் பார்க்க வேண்டும்?" என்று வீட்டுக்காரர் கேட்பார். பதில் பொருந்தினால்தான் கூடம். கூடத்துக்கு வந்த விருந்தினரும் அழைக்காமல் உள்ளறைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. வாசல் ஒன்றுதான், ஆனால் உள்ளே போவது படிப்படியாக நடக்கிற காரியம்.

அரண்மனைக்கும் இதே ஒழுங்குதான். சிலப்பதிகாரத்தில் கண்ணகி கையில் ஒற்றைச் சிலம்போடு பாண்டியன் வாயிலில் வந்து நிற்கிறாள். வாயிலோன் அவளைக் கண்டு நடுங்குகிறான். ஆயினும் உள்ளே சென்று அரசனிடம் அறிவித்து, அவன் வரச் சொன்ன பிறகே வழி விடுகிறான். நீதி கேட்டு வந்தவளையும் நிறுத்தி அறிவிப்பது அவன் கடமை. அறிவித்த பின் தடுக்காமல் விடுவதும் அவன் கடமை. காவல் என்பது இந்த இரண்டும் சேர்ந்ததே. வருகிறவர் எல்லாரையும் தடுக்கிறவன் காவற்காரன் அல்லன். அதற்கு ஒரு சுவர் போதும்.

சென்ற ஆண்டு எங்கள் ஆய்வுக்கூடத்திற்கு இப்படி ஒரு நடை கட்டி, அதற்கு ஒரு வாயிலோனையும் நிறுத்தினோம். அதற்குப் பெயர் ‘ரிமோட் டெஸ்க்டாப் கேட்வே'. பெயரைக் கேட்டதும் வரலாறும் பொருளாதாரமும் படிக்கிற நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இந்தக் கட்டுரையின் முடிவில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன். கேட்பதற்கு முன் கதையைச் சொல்லிவிடுவதுதானே முறை!

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எனக்கு மூத்தவர் ஓர் அக்கா. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தவர். சூடேறிக் குளிரும் உலோகத்தில் விரிசல் எங்கே தொடங்குகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. சென்ற ஆண்டு தீபாவளி கழிந்த வாரத்தில் அவருடைய தந்தையாருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. தாயார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. உடன்பிறந்த தம்பி துபாயில். அன்றிரவே அக்கா தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினார். தில்லியிலிருந்து சென்னைக்கு இரண்டு இரவு. அங்கிருந்து ஊருக்கு இன்னும் ஓர் இரவு. போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, திரும்புவது எளிதன்று என்று. ஒருவர் பக்கத்திலிருந்து ஊட்டிவிட வேண்டிய நிலையில் தந்தையார். அக்காவுக்கோ அது ஐந்தாவது ஆண்டு. உதவித்தொகை முடிய ஆறு மாதந்தான் இருந்தது.

"அங்கேயே இருந்து எழுதலாமே!" என்று சொல்லத் தோன்றும். எழுதலாம், கணக்குப் போட முடியாது. அவர் பயன்படுத்தும் மென்பொருளின் உரிமம் எங்கள் கூடத்தில் உள்ள ஒரே கணினிக்குக் கட்டுப்பட்டது. வேறு கணினியில் அது திறக்காது. முடிவுகள் நிரம்பிய வட்டுகளும் இங்கேதான். ஆக, ஆராய்ச்சி தில்லியில், ஆராய்ச்சியாளர் தாமிரபரணிக் கரையில்.

இத்தகைய சங்கடத்துக்கு விடையாகத்தான் ரிமோட் டெஸ்க்டாப் என்ற ஏற்பாடு இருக்கிறது. தில்லியில் கணினி ஓடுகிறது. அதன் திரையில் தெரிவது படமாக வலை வழியே ஊருக்குப் போகிறது. ஊரில் தட்டுகிற எழுத்தும் அசைக்கிற மௌஸும் தில்லிக்கு வருகின்றன. கணக்கு இங்கே; காட்சி அங்கே. பொம்மலாட்டக்காரனுடைய கயிறு 2,000 கிலோமீட்டருக்கு மேல் நீண்டுவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் கணினிகளில் இந்த வசதி கூடவே வருகிறது. ஆகையால், "இதில் என்ன கஷ்டம்? கதவைத் திறந்துவிட்டால் போயிற்று" என்றார் எங்கள் கூடத்து நண்பர் ஒருவர்.

கதவைத் திறப்பதில் கஷ்டம் ஒன்றுமில்லை. கஷ்டமெல்லாம் திறந்த பிறகுதான்.

ஒரு கணினிக்கு வலைப் பக்கமாக 65,535 கதவுகள் உண்டு. இவற்றைப் போர்ட் என்பார்கள். ரிமோட் டெஸ்க்டாப்புக்கு வழக்கமான கதவு 3389. இது எனக்குத் தெரிவது போலவே உலகத்துத் திருடர்களுக்கும் தெரியும். அவர்கள் வீடு வீடாக நடந்து கதவைத் தட்டுவதில்லை. தட்டுவதற்கு நிரல்கள் இருக்கின்றன. அவை இரவு பகல் பாராமல் உலகத்து முகவரிகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போகின்றன. இதை நண்பருக்கு வாயால் சொல்லிப் பயனில்லை என்று கண்டு, ஒரு சிறு சர்வரை மாத வாடகைக்கு எடுத்தோம். அதில் ஒன்றும் வைக்கவில்லை. யாருக்கும் முகவரி சொல்லவில்லை. ஒரு கதவை மட்டும் திறந்துவைத்துவிட்டுத் தூங்கப் போனோம். காலையில் பதிவேட்டைத் திறந்தால் பக்கம் பக்கமாகத் தட்டல்! ‘ரூட்' என்ற பெயரில் ஒருவன், ‘அட்மின்' என்று ஒருவன், ‘டெஸ்ட்' என்று ஒருவன், ‘ஆரக்கிள்' என்று ஒருவன். எங்களை யாரென்றே அறியாதவர்கள் எங்கள் வீட்டில் எத்தனை பெயர் சொல்லி அழைத்துவிட்டார்கள்! நண்பர் அதன் பிறகு கதவைப் பற்றிப் பேசவில்லை. அவரே இந்த வேலையில் எனக்கு வலக்கையாகவும் அமைந்தார். ஒடிசாக்காரர், பொறுமைசாலி.

நல்ல கடவுச்சொல் வைத்திருந்தால் போதாதோ என்று கேட்கலாம். எப்போதும் போதாது. 2019 மே 14-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஓர் ஓட்டையை அறிவித்துத் திருத்தம் வெளியிட்டது. ‘புளூகீப்' என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. விண்டோஸ் 7-லும் அதற்கு முந்திய சில பதிப்புகளிலும் ரிமோட் டெஸ்க்டாப் கதவு திறந்திருந்தால், கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே புகுந்து எதையும் செய்யலாம் என்பதே அதன் பொருள். 2014-இலேயே ஆதரவை நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்.பி.க்கும் அந்த நிறுவனம் அன்று திருத்தம் கொடுத்தது. கைவிட்ட பிள்ளையைக் கூப்பிட்டு மருந்து கொடுக்கிறார்கள் என்றால், நோய் எத்தகையது என்று ஊகித்துக்கொள்ளலாம். பூட்டு எவ்வளவு கனமாக இருந்தால் என்ன? கதவின் கீல் கழன்றிருந்தால் பூட்டைத் தொடாமலே உள்ளே வரலாம்.

வேறொரு வழியும் சொன்னார்கள். வெளி நிறுவனங்கள் நடத்தும் சேவைகள் உண்டு. ஒரு செயலியை நிறுவினால் போதும். நல்ல வசதிதான். ஆனால் வருகிற போகிற செய்திக்கு இன்னொருவர் வீட்டு வாசல் இடைவழியாகிறது. யாருக்கு அனுமதி என்ற பட்டியலும் அவர்களிடம் இருக்கும். ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பயன்படுத்துவதென்றால் கட்டணமும் உண்டு. நம் வீட்டு நடையை நாமே கட்டிக்கொள்வதே மேல் என்று பேராசிரியரும் சொன்னார். கட்டுவதற்குக் கணினி மையத்தின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தை எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த அதிகாரி ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். விண்ணப்பத்தை இருமுறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு இந்தியில் சொன்னார்: "பேட்டா, வாசல் வைக்க வேண்டும் என்கிறாய். நல்லது. மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் கொண்டு வா. வருகிறவர் யார் என்று எப்படி அறிவாய்? வந்தவர் எதுவரை போகலாம்? நீ போன பிறகு இதை யார் காப்பார்?"

கல்லூரியில் எத்தனையோ கேள்வித்தாள்களைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமான கேள்வித்தாளைப் பார்த்ததில்லை.

முதற் கேள்விக்கு வருவோம். நாங்கள் தேர்ந்தெடுத்த மென்பொருள் அப்பாச்சி குவாக்கமோலி. வெண்ணெய்ப் பழத்தை மசித்து மெக்ஸிகோக்காரர்கள் செய்யும் துவையலின் பெயர் இது. பெயர் வேடிக்கையானாலும் வேலை கனமானது. யாரும் இலவசமாக எடுத்து நிறுவலாம். 2017-இல் அப்பாச்சி அறக்கட்டளையின் முதல்நிலைத் திட்டங்களுள் ஒன்றாயிற்று. இதன் சிறப்பு என்னவென்றால், ஊரில் இருப்பவர் எந்தச் செயலியையும் நிறுவ வேண்டியதில்லை. பிரவுசர் ஒன்று போதும். அக்கா வீட்டில் இருந்ததோ தம்பி விட்டுப்போன பழைய மடிக்கணினி. அதற்கு இது மிகவும் பொருந்திற்று.

குவாக்கமோலிக்கு இரண்டு அங்கங்கள். ஒன்று வாசலில் நின்று பெயர் கேட்பது. மற்றொன்று, ‘குவாக்-டி' என்பது, உள்ளே இருக்கும் கணினிகளோடு அவற்றின் மொழியில் பேசுவது. ஊர்க்காரரோடு ஒரு மொழி, உள்ளே வேறு மொழி என்று பேசும் துபாஷி போன்றது அது. கூடத்தில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு மேஜைக் கணினியில் டெபியன் லினக்ஸை ஏற்றி இவற்றை நிறுவினோம். இவற்றுக்கு முன்னால் ‘என்ஜின்எக்ஸ்' என்ற இன்னொரு சர்வர். வெளியுலகுக்குத் தெரியும் கதவு ஒன்றே ஒன்று, 443. வங்கிகளும் ரயில்வேயும் தங்கள் இணையப் பக்கத்துக்கு வைத்திருக்கும் அதே மறைகுறிக் கதவு. நடுவழியில் யார் ஒட்டுக்கேட்டாலும் அவருக்குக் கிடைப்பது பொருளற்ற எழுத்துக் குவியல்தான். நாம் பேசுவது உண்மையான வாசலோடுதான் என்பதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். ‘லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது.

நிறுவி முடித்த உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. குவாக்கமோலியோடு பிறக்கும்போதே ஒரு நிர்வாகிக் கணக்கு வருகிறது. அதன் பெயரும் கடவுச்சொல்லும் ‘குவாக்அட்மின்' என்ற ஒரே சொல். ஆவணங்களிலேயே அச்சாகி இருப்பதால் உலகம் முழுவதும் அறிந்த சொல்! புது நிர்வாகிக் கணக்கை உண்டாக்கி இதை அழித்த பிறகுதான் வலைக் கம்பியையே செருகினோம். புது வீட்டுப் பூட்டோடு கடைக்காரர் தந்த சாவியை யாரும் வாசலிலேயே தொங்கவிடுவதில்லை அல்லவா?

ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயர். பொதுப் பெயர் ஒருவருக்கும் இல்லை. ‘லேப்' என்று ஒரு கணக்கை வைத்துப் பத்துப் பேர் பங்கிட்டுக்கொண்டால், வந்தவர் யார் என்ற கேள்விக்குப் பதிலே இல்லாமற் போகும். கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு காவலாக ஆறு இலக்க எண் ஒன்று. 30 விநாடிக்கு ஒரு தடவை அது மாறும். வங்கி அனுப்பும் எண்ணைப் போல இது செய்தியாக வருவதன்று. முதல் நாளில் ஒரு இரகசியத்தைத் தொலைபேசிக்குள் பதிய வைத்துவிட்டால், அந்த இரகசியத்தையும் கடிகாரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு இரு பக்கமும் ஒரே எண்ணுக்கு வந்துவிடும். தொலைபேசியில் சிக்னல் இல்லாவிட்டாலும் எண் கிடைக்கும். கடிகாரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். இந்த முறை 2011-இல் வரையறுக்கப்பட்டது. கடவுச்சொல்லைத் திருடியவன் தொலைபேசியையும் திருடினால்தான் உள்ளே வர முடியும்.

தட்டிக்கொண்டே இருப்பவனை விரட்ட ‘ஃபெயில்-டு-பான்' என்ற சிறு நிரல் உண்டு. ஐந்து தடவை தவறினால் அந்த முகவரிக்கு ஒரு மணி நேரம் கதவடைப்பு. இதில் ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. வருகிறவர் எல்லாரும் முன்னே நிற்கும் என்ஜின்எக்ஸ் வழியாகவே வருவதால், பதிவேட்டில் எல்லார் முகவரியும் அதன் முகவரியாகவே பதியும். உண்மை முகவரியைப் பின்னுக்கு அனுப்பும்படி இரண்டு பக்கமும் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால் காவற்காரன் திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரரையே பிடித்துக் கட்டிவிடுவான்!

அடுத்தது, வந்தவர் எதுவரை போகலாம் என்பது. நடைக்கு வந்தவருக்கு வீடு முழுவதும் சொந்தமாகிவிடக் கூடாது. அக்காவின் பெயரில் நுழைந்தால் அக்காவுக்குரிய கணினி மட்டுமே தெரியும். மற்றவை இருப்பதே தெரியாது. உள்ளே இருக்கும் கணினிகளின் ஃபயர்வாலில், ‘வாசல் கணினி ஒன்றைத் தவிர வேறு யார் 3389-ஐத் தட்டினாலும் திறக்காதே' என்று எழுதினோம். துபாஷியான குவாக்-டி தானாக யாரையும் பெயர் கேட்பதில்லை. ஆகவே அது அதே கணினிக்குள்ளிருந்து வரும் குரலுக்கு மட்டுமே செவி கொடுக்கும்படி கட்டிவைத்தோம். பிறருடைய தரவுகள் உள்ள கணினியில் கோப்பு எடுத்துச் செல்வதையும், வெட்டி ஒட்டுவதையும் நிறுத்தினோம். பார்க்கலாம், வேலை செய்யலாம். மூட்டை கட்டிக்கொண்டு போக முடியாது.

நாங்கள் சர்வரைப் பராமரிக்க நுழையும் பின்கட்டு வழி எஸ்.எஸ்.எச். அது வளாகத்துக்கு உள்ளிருந்து மட்டும் திறக்கும். கடவுச்சொல் அங்கே செல்லாது. சாவிக் கோப்பு உள்ளவர்க்கே வழி. இந்த எஸ்.எஸ்.எச். பிறந்த கதை நம்மைப் போன்ற மாணவர் கூட்டத்துக்குச் சுவையானது. 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் யாரோ ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திருடினார்கள். அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த டாட்டு யூலனென் அதன் விளைவாகவே இந்த முறையை எழுதி, அந்த ஆண்டே உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். இன்று உலகத்துச் சர்வர்களையெல்லாம் காக்கும் பூட்டு, ஒரு பல்கலைக்கழகத்தில் நடந்த திருட்டுக்கு மறுமொழியாகப் பிறந்தது!

இந்த இரண்டாங் கேள்வியோடு சேர்ந்து ஒரு விவாதமும் எழுந்தது. உள்ளே வருகிறவர் என்ன செய்கிறார் என்பதைத் திரைப்படம் போலப் பதிந்துவைக்கும் வசதி குவாக்கமோலியில் உண்டு. "எல்லாவற்றையும் பதிந்து வைப்போமே, பின்னால் தகராறு வந்தால் உதவும்" என்றார்கள் சிலர். நான் உடன்படவில்லை. வாயிலோன் வேலை, வந்தவர் யார், எப்போது வந்தார், எப்போது போனார் என்று எழுதுவது. கூடத்தில் அவர் என்ன பேசினார் என்று ஒட்டுக்கேட்பது அவன் வேலையன்று. ஆராய்ச்சி செய்கிறவர் பத்துத் தடவை தப்பாகக் கணக்குப் போட்டுப் பதினோராவது தடவை சரியாகப் போடுவார். அந்தப் பத்துத் தடவையும் இன்னொருவர் கண்ணில் படும் என்றால் அவருக்குக் கை ஓடாது. பேராசிரியர் இரு பக்கமும் கேட்டு, வருகைப் பதிவேடு மட்டும் போதும் என்று முடிவு சொன்னார். நாமே கட்டிய வாசலில் இருக்கும் பெரிய வசதி இதுதான்: எதைப் பார்ப்பது, எதைப் பார்க்காமல் விடுவது என்பதையும் நாமே தீர்மானிக்கலாம்.

இரண்டு கேள்விக்கும் ஆறு பக்கத்தில் பதில் எழுதினோம். மூன்றாங் கேள்விக்கு என் பெயரை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிகாரி ஆறு பக்கத்தையும் படித்துத் தலையசைத்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"நீ எப்போது படிப்பை முடிக்கிறாய்?"

"அடுத்த மே மாதம்."

"அப்படியானால் இது பதில் ஆகாது" என்று சொல்லி, விண்ணப்பத்தின் ஓரத்தில் எழுதினார்: ‘ஓராண்டுக்கு மட்டும் அனுமதி. பொறுப்பேற்போர் இருவர் பெயர் வந்த பின்னரே நீட்டிப்பு.' கையெழுத்திட்டு, 443 கதவை மட்டும் திறந்துவிட ஆணையிட்டார்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் மாலை, ஊரிலிருந்து அக்கா முதன்முறையாக அந்த வாசலில் வந்து நின்றார். கைப்பேசியிலிருந்து எடுத்த இணையம், அதுவும் மெதுவானது. வண்ணங்களை 16 பிட்டாகக் குறைத்து, திரைப் பின்னணிப் படத்தையும் நீக்கி வைத்திருந்தோம். பெயர், கடவுச்சொல், ஆறு இலக்க எண். எங்கள் கூடத்தில் ஆளில்லா நாற்காலிக்கு எதிரே கணினி தன் வேலையைத் தொடங்கிற்று. "தம்பி, என் கோப்பெல்லாம் வச்சது வச்ச இடத்துல இருக்கு" என்றார் அக்கா தொலைபேசியில். அதற்கு மேல் சிறிது நேரம் அவர் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை.

அதன் பிறகு நாள்தோறும் இரவு பத்து மணிக்கு, தந்தையாருக்கு மருந்து கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு, அக்கா நுழைவார். விடியுமுன் வெளியேறுவார். பதிவேட்டில் அந்த இரண்டு வரிகளையும் காலைதோறும் பார்ப்பது எங்களுக்கு ஒரு வழக்கமாயிற்று. ஒரு நாள் சிரித்துக்கொண்டே அவர் சொன்ன செய்தி இது. அவர் தொலைபேசியைப் பார்த்து எண்ணைத் தட்டுவதைக் கட்டிலில் இருந்தபடி பல நாளாகக் கவனித்திருக்கிறார் தந்தையார். வங்கிக்காரர் போலப் பேசி ஏமாற்றும் கதைகளைத் தொலைக்காட்சியில் கேட்டவர் ஆயிற்றே! குழறிய நாவைத் திரட்டிக்கொண்டு, "ஏளா, யாருக்கு ஓ.டி.பி. குடுக்க?" என்று அதட்டினாராம். நோய் கண்ட பிறகு அவர் முழுதாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதானாம். காவல் உணர்ச்சி என்பது நம் பெரியவர்களுக்கு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, பாருங்கள்!

ஏப்ரலில் அக்காவின் கணக்குகள் முடிந்தன. உதவித்தொகை நிற்பதற்குள் ஆய்வேட்டை அளித்துவிட்டார். அவர் ஒருவருக்காக வைத்த வாசல் இப்போது ஏழு பேருக்குப் பயன்படுகிறது. பிரசவத்துக்குத் தாய்வீடு போன ஒருவர். விபத்தில் கால் முறிந்து ஊரில் கிடக்கும் ஒருவர். களப்பணிக்காக மலையடிவாரத்தில் இருக்கும் இருவர். இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஆய்வுக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. பலர் அவசரத்தில் கண்ட கதவையும் திறந்தார்கள். அவசரம் வருமுன் கட்டிய வாசல் எவ்வளவு ஆறுதல் என்று அக்காலத்தில் இங்கே படித்தவர்களைக் கேட்டால் தெரியும்.

இப்போது மூன்றாங் கேள்வி. கட்டி முடிப்பது இரண்டு வார வேலை. காப்பதோ முடியாத வேலை. சான்றிதழ் 90 நாளுக்கு மேல் செல்லாது. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு உண்டு. அது நடந்ததா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். வாசலே நோய்வாய்ப்படுவதும் உண்டு. மைக்ரோசாஃப்ட் தன் சர்வர் பதிப்புகளில் தருகிற ரிமோட் டெஸ்க்டாப் கேட்வேயிலேயே கடவுச்சொல் இன்றிப் புகக்கூடிய ஓட்டைகளைக் கண்டு 2020 ஜனவரியில் திருத்தினார்கள். அதே ஆண்டு குவாக்கமோலியிலும் ஓட்டைகள் தெரியவந்தன. உள்ளே இருக்கும் கெட்டுப்போன கணினி ஒன்று, தன்னோடு பேச வரும் வாசலையே கைப்பற்றிவிடலாம் என்ற நிலை. 1.2.0 பதிப்பில் அதைச் சரிசெய்தார்கள். திருத்தம் வெளியானது மட்டும் போதாது. அதை நம் கணினியில் ஏற்றுகிற கை வேண்டும். வெளியேறிய மாணவரின் பெயரை அன்றே நீக்க வேண்டும். கணக்குகளின் நகலை எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். நகலிலிருந்து மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதிக்க வேண்டும். இவை ஒன்றுகூட அறிவாளிக்கு மட்டும் உரிய வேலையன்று. வாரம் இரண்டு மணி நேரமும் மறவாத குணமும் இருந்தால் போதும்.

நான் மே மாதம் போகிறேன். ஒடிசா நண்பர் ஜூலையில் போகிறார். அதிகாரி எழுதிக்கொடுத்த ஓராண்டும் நெருங்கிவிட்டது. இரண்டு பெயர்கள் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் அவர் 443-ஐ அடைத்துவிடுவார், அடைப்பதுதான் நியாயமும்கூட. காவலில்லாத வாசல் திறந்திருப்பதைவிட மூடியிருப்பது மேல். ஆனால் அந்த ஏழு பேரும் அன்றோடு வெளியே நிற்க வேண்டும்.

நண்பர்களே, நம் மன்றத்தில் பொங்கல் விழாவுக்குப் பானை சுமக்கவும், நாடகத்துக்குத் திரை கட்டவும் ஆண்டுதோறும் ஆள் கிடைக்கிறார்கள். மூத்தவர்கள் போகப்போக இளையவர்கள் கேட்காமலே தோள் கொடுக்கிறார்கள். அந்தத் தோளில் இரண்டு இப்போது இங்கே வேண்டும். முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவராக இருந்தால் நல்லது; எந்தத் துறையானாலும் சரி. செய்த வேலை ஒவ்வொன்றையும், ஏன் செய்தோம் என்ற காரணத்தோடு, ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு நாங்கள் இருவரும் ஆய்வுக்கூடத்தில் இருப்போம். தேநீர் எங்கள் செலவு. மே மாதத்துக்கு இன்னும் சில ஞாயிறுகள் இருக்கின்றன. வாருங்கள்.